நாத்தனார் இன்னும் முடிக்கலையா?

அண்ணி,

இன்று காலை ரேஷன் கார்டைத் தேடி பீரோவின் கீழ்த்தட்டைக் கிளறினேன். சேலைகளுக்கு அடியில் உங்கள் ஹெட்போன் கிடைத்தது. காதில் படும் மெத்தை உரிந்துபோய், தொட்ட விரலெல்லாம் கறுப்புச் செதில் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனேன். செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. "கார்டு கெடைச்சுதா?" என்று அம்மா வந்து கேட்கும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் எழுதிப் பிழைக்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்க் கடையில் உட்கார்ந்து, நாள் முழுக்க ஊர்க்காரர்களின் மனுக்களை டைப் அடிக்கிறேன். எல்லா மனுவிலும் 'பொருள்' என்று ஒரு வரி உண்டு. இந்தக் கடிதத்துக்கு என்ன பொருள் போடுவது என்று யோசித்து, போடாமலே விட்டுவிட்டேன்.

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. இதை உங்கள் முகத்துக்கு நேராகவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதக் கூச்சமில்லை. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் வண்டியிலிருந்து இறங்கியபோது, ஒரு பையை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினீர்கள். நகையாக இருக்கும் என்று நினைத்தோம். உள்ளே இருந்தது கல்லூரியில் படிக்கும்போது இலவசமாகக் கொடுத்த பழைய லேப்டாப்பும் இந்த ஹெட்போனும்.

அப்போது நீங்கள் ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நாலு மணிக்கு அடி அண்ணாமலைக்கு வந்து சேர்வீர்கள். புடவையை மாற்றி, காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ஜன்னலோரம் லேப்டாப்போடு உட்காருவீர்கள். காதில் ஹெட்போன். கால் தரையில் தாளம் போடும். தலை ஆடும். எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்காது. கீபோர்டு தட்டுகிற சத்தம் மட்டும்தான்.

"இன்னாடா இது, புதுப் பொண்ணு அத காதுல மாட்டிக்கினு தனியா ஆடிக்கினு இருக்குது?" என்று அம்மா அண்ணனிடம் கேட்டார்.

"வேலைக்குப் போயிட்டு வந்து ஒரு மணி நேரம் வெளயாடுறாம்மா. நான் கடைய மூடிட்டு வந்து டிவி பாக்கறேன், அத கேட்டியா?" என்றான் அண்ணன். வண்டி ரிப்பேர் பார்க்கிற கைதான், ஆனால் உங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவனுக்கு எங்கிருந்தோ ஒரு வக்கீல் வந்துவிடுவான்.

அந்த கேம் வந்தது உங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். மழைக்கோட்டு போட்ட ஒரு பெண், மழை பெய்கிற ஏழு ஊர்களைக் கடந்து போகிறாள். கோட்டு மட்டும் மஞ்சள், மற்றதெல்லாம் கறுப்பும் குங்குமச் சிவப்பும். அவ்வளவுதான் நிறம். ஆனால் அந்த ஊர்களில் எல்லாமே பாட்டின் தாளத்துக்குத்தான் நடக்கும். தெருவிளக்கு தாளத்துக்குக் கண் சிமிட்டும், காக்கா தாளத்துக்குத் தத்தும், பஸ் தாளத்துக்குக் கதவைத் திறக்கும். நாமும் தாளத்தில்தான் குதிக்க வேண்டும், தாளத்தில்தான் அடிக்க வேண்டும். சரியாக விளையாடினால் பாட்டில் ஒவ்வொரு வாத்தியமாக வந்து சேரும். தவறவிட்டால் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். கடைசியில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சும், ஊரே வெளுத்துப்போகும்.

இவ்வளவையும் இன்று எழுதத் தெரிகிறது. அன்று எனக்கு அது சும்மா பொம்மைப் படம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன வெங்காயம் உரித்தபடியே, அந்த கேமை விளையாடியவர்கள் எழுதிய ரிவ்யூக்களைத் தமிழில் சொல்லிக்காட்டுவீர்கள். அம்மாவும் நானும் கேட்டுக்கொண்டு உரிப்போம். "வேலை போன மூணு மாசமும் இதத்தான் வெளயாடினேன்னு ஒருத்தன் எழுதியிருக்கான் அத்தை." "பாட்டு சூப்பர், கதை சுமார்னு ஒரு பொண்ணு." ஒருவர் பக்கம் பக்கமாகத் திட்டியிருந்தார். அதைப் படித்துவிட்டு வெங்காயத்தைக் கீழே வைத்தீர்கள். "இவன் ரெண்டாவது ஊரத் தாண்டல. இங்கேர்ந்தே தெரியுது எனக்கு."

"நீங்க எழுதலையா?" என்றேன்.

"ரெண்டு தடவ முடிச்சிட்டுத்தான் எழுதுவேன். ஒரு தடவ முடிச்சா சந்தோஷத்துல எழுதிடுவோம். அது சரியா வராது."

எனக்கும் ஆசை வந்தது. ஒரு நாள் கேட்டேன், உடனே கொடுத்தீர்கள். முதல் ஊரை எப்படியோ தாண்டினேன். இரண்டாவது ஊரில் ஒரு பாலம். பலகைகள் தாளத்துக்கு விழும், எழும். இருபது தடவை ஆற்றில் விழுந்தேன். இருபத்தோராவது தடவை நீங்கள் சிரித்துவிட்டீர்கள். கேலியாகச் சிரிக்கவில்லை என்று இப்போது தெரியும். அப்போது காது சூடாகிவிட்டது.

மறுநாள் எனக்கு லீவு. நீங்கள் வேலைக்குப் போன பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். உங்கள் கணக்கு திறந்தபடியே இருந்தது. கட்டைவிரல் கீழே பார்க்கிற படத்தை அழுத்தி, தமிழில் அடித்தேன்: 'எரிச்சல் பிடித்த கேம். யாரும் வாங்காதீர்கள்.' மனு அடிக்கிற கை, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தப் பக்கத்தில், எழுதினவர் எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார் என்றும் காட்டும் என்பது எனக்குத் தெரியாது. உங்கள் கணக்கில் அறுபத்தொரு மணி நேரம். சாயங்காலம் நீங்கள் வந்து பார்ப்பதற்குள் பதினைந்து பேர் பதில் போட்டிருந்தார்கள். "அறுபத்தொரு மணி நேரமும் எரிச்சலோடயா விளையாடினீங்க?" என்று ஒருவர். "வாழ்த்துகள், உங்க பொறுமைக்கு" என்று இன்னொருவர்.

நான் கொல்லையில் துணி துவைக்கிற கல்லருகே நின்றிருந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். நீங்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். பேச வாயைத் திறந்தீர்கள், முடியவில்லை. அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள்.

"அழிச்சிடுங்க அண்ணி," என்றேன்.

"எதுக்கு அழிக்கணும்? உனக்கு எரிச்சலா இருந்துச்சு, எழுதின. அதுல தப்பு இல்ல தேவி. பாலத்தத் தாண்டாம எழுதின பாரு, அதான் தப்பு. முடிச்சிட்டு வா. அப்பவும் எரிச்சலாவே இருந்தா இது இப்படியே இருக்கட்டும்."

அந்தப் பதில்களுக்குக் கீழே நீங்கள் ஒரே வரி போட்டீர்கள்: 'இது என் நாத்தனார் எழுதியது. அவள் இன்னும் இரண்டாவது ஊரில் இருக்கிறாள்.'

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. உங்கள் வரியை மெஷினில் மொழிபெயர்த்துப் படித்த பிரேசில்காரர் ஒருவர், "யாருடைய புருஷனின் தங்கை?" என்று குழம்பினார். நாத்தனார் என்றால் யார் என்று நீங்கள் விளக்கினீர்கள். கொரியாவிலிருந்து ஒரு பெண், "எனக்கும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், உங்கள் துயரம் புரிகிறது" என்றாள். அந்த வாரம் முடிவதற்குள் முன்பின் தெரியாத ஆட்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள்: நாத்தனார் பாலத்தைத் தாண்டிவிட்டாளா? நாத்தனார் இன்னும் முடிக்கலையா?

உலகத்தில் யார் யாரோ நான் பாலத்தைத் தாண்டுவதற்காகக் காத்திருக்கிறார்கள் என்றால், எப்படித் தாண்டாமல் இருப்பது? கடை முடிந்து ஐந்தரைக்கு வந்துவிடுவேன். "கீபோர்டு எழுத்தப் பாக்காத, தாளத்த கால்ல கேளு," என்பீர்கள். கொரியாப் பெண்ணும் அதையே எழுதியிருந்தாள். ஒன்பதாம் நாள் பாலத்தைத் தாண்டினேன். நீங்கள் தகவல் போட்டீர்கள். நூறு பேருக்குமேல் கைதட்டல் படம் போட்டார்கள். பள்ளியில் பரிசு வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பேர் கைதட்டியதில்லை.

பௌர்ணமி நாட்களில்தான் கஷ்டம். நம் வீடு கிரிவலப் பாதையிலேயே இருப்பதால் சாயங்காலமே கூட்டம் ஆரம்பித்துவிடும். ஒரு பௌர்ணமிக்கு நான் மூன்றாவது ஊரில் இருந்தேன். வாசலில் சிவனடியார்கள் கயிலாய வாத்தியம் அடித்துக்கொண்டு போனார்கள். ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. என் மழைக்கோட்டுப் பெண் அந்த அடிக்கு ஆடப்போய்ப் படிக்கட்டில் உருண்டாள். ஹெட்போனைக் கழற்றி எறியப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"அவங்க போவட்டும். அதுவும் நல்ல அடிதான். கேட்டுட்டு அப்பறம் வெளயாடு."

இரண்டு பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பாதை வளைவில் திரும்பி மறையும்வரை கேட்டோம். உங்களுக்கு எந்தத் தாளத்தின்மீதும் விரோதம் இருந்ததில்லை.

நான் நான்காவது ஊரில் இருந்தபோது, நீங்கள் இரண்டாம் முறை முடித்தீர்கள். ஒரு கணக்குக்கு ஒரு ரிவ்யூதான். அதனால் என் வரியை அழிக்காமல், அதற்குக் கீழேயே உங்களுடையதைச் சேர்த்தீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். 'மேலே இருப்பது என் நாத்தனார். இனி நான் சொல்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு. பத்தை ஏன் குறைத்தேன் என்றால், நடுவில் வருகிறவர்கள் ரொம்பப் பேசுகிறார்கள். அவர்களைத் தாண்டிப்போக வழியில்லை. பேச்சு முடிவதற்குள் கால் தாளத்தை மறந்துவிடுகிறது.' அப்புறம்தான் புகழ்ந்தீர்கள். நிறத்தைப் புகழ்ந்தீர்கள், பாட்டைப் புகழ்ந்தீர்கள். கடைசி ஊரைப் பற்றிச் சொல்லும்போது குரல் மாறியது. ஏழாவது ஊரில் ஓரிடத்தில், அதுவரை தாளம் கொடுத்துவந்த மத்தளம் நின்றுவிடும், வெளிச்சமும் போய்விடும், ஒரு நிமிஷம் முழுக்கச் சத்தமே இல்லாமல் நாமாகத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்றீர்கள். 'அந்த இடத்தில் இந்த கேம் நம்மை நம்புகிறது. என்னை இப்படி யாரும் நம்பியதில்லை.'

அதை அடித்துவிட்டு உங்களைப் பார்த்தேன். "இதக் கொஞ்சம் கம்மியா சொல்லலாமா அண்ணி?"

"வேணாம். இது உண்ம."

அந்த ஆவணியில் உங்கள் கழுத்தில் நெறி கட்டியது. பல்வலி என்று நினைத்தீர்கள். பல் டாக்டர் வேறு டாக்டரிடம் அனுப்பினார், அவர் வேலூருக்கு அனுப்பினார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அண்ணன் கடையை மூடிவிட்டு உங்களை அழைத்துக்கொண்டு போவான். முடி கொட்டியபோது நீங்கள் அழவில்லை. "ஹெட்போன் இப்ப நல்லா உக்காருது," என்றீர்கள். அம்மாதான் சமையலறைக்குள் போய் அழுதார்.

நீங்கள் அழுதது வேறொரு நாள். ஊசி போட்டுக்கொண்டு வந்த மறுவாரம். ஏற்கெனவே நூறு தடவை தாண்டிய முதல் ஊரில் தவறவிட்டுக்கொண்டே இருந்தீர்கள். லேப்டாப் பழசாகிவிட்டது என்றீர்கள். கேமில் சத்தமும் படமும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கிற இடத்துக்குப் போய், திரும்பத் திரும்பச் சரிசெய்தீர்கள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. பிறகு விரல்களை விரித்துப் பார்த்தீர்கள்.

"லேப்டாப்ல ஒன்னும் இல்ல தேவி. என் கையிலதான். நுனி மரத்துப்போச்சு. அழுத்தறனா இல்லையான்னே தெரியல."

மருந்தால் அப்படி ஆகும் என்று வேலூரில் முன்பே சொல்லியிருந்தார்களாம். நீங்கள் எங்களிடம் சொல்லவில்லை. பூ கட்டும்போது தெரியவில்லை, சட்டை பட்டன் போடும்போது தெரியவில்லை, கேமில்தான் தெரிந்தது என்று சொல்லிவிட்டு அழுதீர்கள். லேப்டாப்பை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன். "அஞ்சாவது ஊரு, நான் அழுத்தறேன். நீங்க சொல்லுங்க," என்றேன்.

அன்றிலிருந்து அப்படித்தான். ஹெட்போனை எடுத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டோம். நீங்கள் எனக்குப் பின்னால் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, உள்ளங்கையால் என் முதுகில் தாளம் தட்டுவீர்கள். விரல் மரத்துப்போனாலும் உள்ளங்கை மரத்துப்போகவில்லை. அம்மாகூட முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "அந்த மஞ்ச கோட்டுப் பொண்ணு எங்க போறா? யாரத் தேடிக்கினு போறா?" என்று கேட்பார். ஐந்தாவது ஊர் முடிந்தது. பங்குனியில் ஆறாவது ஊரும் முடிந்தது. தகவல் போட்டோம். உங்கள் உடம்பைப் பற்றி மட்டும் யாருக்கும் எழுத வேண்டாம் என்றீர்கள்.

ஏழாவது ஊரை ஆரம்பிப்பதற்குள் உங்களை வேலூரில் சேர்த்துவிட்டார்கள். நான் மத்தியானத்தில் உங்களோடு இருப்பேன், அண்ணன் கீழே போய்ச் சாப்பிட்டு வருவான். அப்படி ஒரு மத்தியானம்தான் அதைச் சொன்னீர்கள்.

"நீ முடிச்சிட்டு எழுதுவ இல்ல?"

"எழுதுவேன் அண்ணி."

"எனக்காகப் பாவப்பட்டு நல்லாருக்குன்னு எழுதிடாத. அண்ணிக்கு இது பிடிக்கும், அதனால எனக்கும் பிடிச்சிதுன்னு எழுதின, அவ்ளோதான் நீ. உனக்கு எது பிடிக்கலையோ அத எழுது."

"நீங்களே வந்து படிச்சிப் பாருங்க," என்றேன். நீங்கள் என் கையைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தொடுதல் உங்களுக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

எட்டாம் நாள் விடிந்ததும் அண்ணன் போன் செய்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் லேப்டாப்பை யாரும் திறக்கவில்லை. கடைக்குப் போனேன், வந்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் கிரீஸ் கையோடு வந்து என்னெதிரே உட்கார்ந்தான். தன் போனை எடுத்து நீட்டினான். உங்கள் ரிவ்யூ பக்கம் திறந்திருந்தது.

"அவங்க கேட்டுக்கினே இருக்காங்க தேவி. பதில் போடு."

"நீ எப்படி இதப் பாத்த?"

"தெனமும்தான் பாக்கறேன். அவ இருந்தப்பவும் பாப்பேன். கடையில ஆள் இல்லாதப்ப தமிழ்ல மாத்திப் படிப்பேன். அவ கிட்ட சொன்னதில்ல." விரலிலிருந்த கிரீஸை லுங்கியில் துடைத்தான். "தன்ன யாரும் இப்படி நம்பலன்னு அவ எழுதியிருந்தா பாரு. அதப் படிச்சிட்டு ரெண்டு நாள் எனக்கு வேல ஓடல."

அண்ணி, இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வீட்டில் அத்தனை பேர் முன்னால் உங்களுக்காகப் பேசிய மனுஷன், அந்த ஒரு வரியைப் பற்றி உங்களிடம் பேசத் தெரியாமல் இருந்திருக்கிறான்.

அந்தப் பக்கத்தில் பிரேசில்காரர் மூன்று முறை கேட்டிருந்தார், நாத்தனார் இன்னும் முடிக்கலையா என்று. மூன்றாவது முறை, "எல்லோரும் நலமா?" என்றும் சேர்த்திருந்தார். நீங்கள் போய்விட்டீர்கள் என்று எழுதினேன். மனுவில் எழுதுகிற மாதிரி இரண்டே வரி. அன்று வந்த பதில்களை நானும் அண்ணனும் அம்மாவும் சேர்ந்து படித்தோம். அம்மாவுக்கு நான் தமிழில் சொல்லிக்காட்டினேன். நீங்கள் சொல்கிற மாதிரி வரவில்லை.

மறுநாள் சாயங்காலமே ஏழாவது ஊரை ஆரம்பித்தேன். அந்த மத்தளம் நிற்கிற இடத்தில் பதினோரு நாள் விழுந்தேன். வெளிச்சம் போனதும் என் முதுகு உங்கள் கைக்காகக் காத்திருக்கும், தாளம் தப்பிவிடும். பன்னிரண்டாம் நாள் தாண்டினேன். மஞ்சள் கோட்டுக்காரி மழை இல்லாத ஒரு தெருவில் போய் நின்றாள். பின்னால் நின்றிருந்த அண்ணன், "அவ்ளோதானா?" என்றான். அவ்வளவுதான்.

எழுதினேன், அண்ணி. என் பழைய வரியை அழிக்கவில்லை, உங்களுடையதைத் தொடவில்லை. மூன்றாவதாகக் கீழே சேர்த்தேன். கேம் எனக்குப் பிடித்திருக்கிறது, பொய்யில்லை. அந்த நிறமும் பாட்டும் வேறு எதிலும் பார்த்ததில்லை. தவறவிட்டால் திட்டாமல், பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்துக்கொள்கிற அந்த நாகரிகம் எனக்குப் பிடித்தது. நடுவில் பேசுகிறவர்கள் பேச்சும் பிடித்தது, கீரை ஆய்ந்தபடி பார்த்துப் பார்த்து அம்மாவுக்கு அவர்களெல்லாம் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறுதான். அந்தப் பத்து, மத்தளத்தை நிறுத்திய இடத்துக்கு. 'அது நம்பிக்கை இல்லை, கைவிடுவது. மத்தளம் கடைசிவரை கூட வந்திருக்க வேண்டும்' என்று அடித்தேன்.

ஒரு மணி நேரத்தில் பிரேசில்காரர் வந்துவிட்டார். முதலில் வாழ்த்தினார். அப்புறம், நீங்கள் சொல்வது முழுத் தப்பு, அந்த இடம்தான் இந்த கேமின் உயிர், உங்கள் அண்ணி சொன்னதுதான் சரி என்று நீளமாக எழுதினார். கொரியாப் பெண்ணும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். இன்றைக்கு மூன்றாம் நாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்தே பதில் போடுகிறேன். அண்ணன் யார் பக்கமும் பேசாமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறான்.

அவர்கள் சொல்வதெல்லாம் நீங்கள் சொல்லியிருக்கக்கூடியதுதான். எதை எப்படிச் சொல்வீர்கள், எந்த இடத்தில் வெங்காயத்தைக் கீழே வைப்பீர்கள் என்பதுவரை எனக்குத் தெரிகிறது. ஆனாலும் நான் விடுவதாக இல்லை, அண்ணி. அந்தப் பத்து மார்க்கை நான் போட மாட்டேன்.

உங்கள்
தேவி